எனக்கு இடமில்லாத குடிசை

பச்சைத் தென்னங்கீற்றை வெட்டிப் போட்ட கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். இளநீரும் ஈர மண்ணும் அறுத்த புல்லும் கலந்த மாதிரி. அந்த வாசனை மூக்கில் பட்டால் மற்றவர்களுக்குக் கல்யாணப் பந்தல் ஞாபகம் வரும். எனக்கு வயிறு எரியும். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு புரட்டாசி மாதம் போடப்பட்ட குடிசையும், அதில் எனக்குக் கிடைக்காமல் போன இடமும், அந்த இடத்தில் உட்கார்ந்த பூங்கொடியும் என எல்லாம் உடனே கண் முன்னால் வந்துவிடும்.

குடிசையைப் போட்டவர் எங்கள் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்த ரூத்தக்கா. மும்பைக்காரர். கல்வராயன் மலையில் வீட்டுமனைப் பட்டா இல்லாத குடும்பங்களுக்காக வேலை செய்த ஒரு சின்ன அமைப்பில் இருந்தார். வாரத்தில் பாதி நாள் வெள்ளிமலை பஸ்ஸில்தான் இருப்பார். பெயரைக் கேட்டுவிட்டு 'வேதக்காரங்களா?' என்று விசாரித்த தெருக்காரர்கள், இல்லை என்றதும், பன்றிக்கறி தொடமாட்டார் என்று கேள்விப்பட்டு, 'அப்போ பாயம்மாவா?' என்றார்கள். அதுவும் இல்லை, யூதர் என்று அவர் சொன்னபோது அதற்கு மேல் என்ன கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கொங்கணக் கரையில் தலைமுறை தலைமுறையாகச் செக்கு ஆட்டிப் பிழைத்த குடும்பமாம். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாதாம்.

அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது. பண்டிகை நாட்களில் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்து எங்கள் மாடியில் கூடுவார்கள். ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்து புரியாத பாஷையில் பாடுவார்கள். நடுவில் நின்று நடத்துவது ரூத்தக்காதான். பாட்டு முடிந்த கையோடு மலையில் எந்த ஊரில் யாருக்குப் பட்டா நின்றுபோயிருக்கிறது, யாரைப் போய்ப் பார்ப்பது என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். 'இவங்க சாமி கும்பிடறாங்களா, சங்கம் நடத்துறாங்களா, இன்னான்னே புரியலயே' என்பாள் அம்மா. எனக்கு எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது, ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் ரூத்தக்காவின் பக்கத்துப் பாய் என்னுடையது. வீட்டில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்து, அக்காக்களின் பழைய பாவாடையையும் பழைய ஜாமெட்ரி பாக்ஸையும் வாங்கிக்கொண்டு வளர்ந்தவளுக்கு, எனக்கு மட்டுமே என்று கிடைத்த முதல் சொத்து அந்தப் பாய்.

அந்த வருடம் கூடாரப் பண்டிகைக்கு மாடியில் குடிசை போடவேண்டும் என்றார் ரூத்தக்கா. அவர்களுடைய முன்னோர்கள் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வனாந்தரத்தில் வீடில்லாமல் அலைந்ததை நினைத்து, ஏழு நாள் குடிசையில் சாப்பிட வேண்டும், முடிந்தால் அங்கேயே படுக்கவும் வேண்டும். அப்பா உற்சாகமாகிவிட்டார். கரும்புக் கொல்லைக்குக் காவல் கொட்டகை போட்டே பழகிய கை. எங்கள் கொல்லையிலிருந்து கீற்று கொண்டுவந்து, தானே மேலே ஏறி, இழுத்து இழுத்துக் கட்டி, 'எம்மாம் மழை வந்தாலும் ஒரு சொட்டு இறங்காது' என்று மார் தட்டிக்கொண்டு இறங்கினார். ரூத்தக்கா அண்ணாந்து பார்த்துவிட்டு, சொல்லத் தயங்கித் தயங்கி, கூரை வழியாக நட்சத்திரம் தெரியவேண்டும், இல்லாவிட்டால் குடிசை செல்லாது என்றார். அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. 'மழ வர்ற மாசத்துல எவனாச்சும் கூரையப் பிரிப்பானா?' என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஏறிப் பாதியைப் பிரித்துப் போட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் மாடி, எங்கள் கீற்று, என் அப்பா கட்டிய கூரை. அந்தக் குடிசைக்கு நான்தான் ராணி என்று முடிவு கட்டிவிட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் வெள்ளிமலை பஸ்ஸிலிருந்து சின்னப்பொண்ணு அம்மாவும் அவர் மகள் பூங்கொடியும் வந்து இறங்கினார்கள். பூங்கொடிக்கு என் வயதுதான். மலையில் அவர்கள் வீட்டைக் காற்று பிய்த்துக்கொண்டு போயிருந்தது; பட்டா இல்லாத இடத்தில் திரும்பக் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டதால் சொந்தக்காரர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் இருந்தார்கள். பண்டிகைக்கு விருந்தாளி வேண்டும், அதுவும் வீடில்லாதவர்கள் வந்தால் விசேஷம் என்பது ரூத்தக்காவின் கணக்கு. கூரையின் ஓட்டை எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட சின்னப்பொண்ணு அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. 'நட்சத்திரம் தெரியணும்னா அதுக்கு இம்மாம் பாடா? மலைக்கு வாங்கம்மா, எங்க ஜனங்க வூட்ல எல்லாம் ஜாஸ்தியாவே தெரியும்' என்றார். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ரூத்தக்கா என் தோளைத் தொட்டு, 'கொஞ்சம் எழுந்திரு கண்ணா' என்று சொல்லி, என் பாயில் பூங்கொடியை உட்காரவைத்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பாய் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. ரொட்டியில் தேன் தடவி முதல் துண்டு அவளுக்கு. பாட்டில் கை தட்டக் கற்றுக்கொடுத்தது அவளுக்கு. பொழுது போனதும் எல்லாரும் குடிசையிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். ரூத்தக்காவின் போர்வையின் மறுபாதி அவளுக்கு. நானும் அங்கேயே படுக்கிறேன் என்று அழுதேன். அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்: 'வூடு இருக்கிறவ வூட்ல படு. இல்லாத புள்ள அங்க படுக்குது.' அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசித்தபடி, மாடியைப் பார்த்துத் திறந்திருக்கும் முற்றத்துக் கம்பிக்குக் கீழே என் கட்டிலில் கிடந்தேன். எங்கள் வீட்டையும் காற்று வந்து பிய்த்துக்கொண்டு போகக்கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். தளம் போட்ட வீட்டைக் காற்று என்ன செய்யும்?

சின்னப்பொண்ணு அம்மா சொன்ன பேச்சு ரூத்தக்காவைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. மறு வருடம் குடிசை எங்கள் மாடியில் எழும்பவில்லை. பட்டா கொடுக்கவேண்டிய ஆபீஸுக்கு எதிரே எழும்பியது. மலையிலிருந்து சனங்கள் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தார்கள். காலையிலும் மாலையிலும் பிரார்த்தனை, இடையில் கோஷம். விசாரிக்க வந்த போலீஸ்காரர், 'பண்டிகையா, போராட்டமா, ஏதாச்சும் ஒண்ணு சொல்லும்மா' என்று கேட்டதற்கு, 'எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்' என்றாராம் ரூத்தக்கா. ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அப்பா மட்டும், 'குடி வந்தவங்க ஊர் வம்ப நம்ம வூட்டுக்கு இழுத்துக்கினு வந்துட்டாங்க' என்று புலம்பினார். புலம்பிவிட்டு, தினமும் சாயங்காலம் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனார்.

நடுவில் ஒரு நாள் மழை கொட்டியது. குடிசைக்குள் மழை வந்தால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவர்கள் சட்டத்திலேயே இடம் உண்டு. கூட்டத்தில் வயதான சிலர் எழுந்து நின்றுவிட்டார்கள். சின்னப்பொண்ணு அம்மா அவர்களிடம், 'நீங்க போங்க சாமி, உங்களுக்கு வூடு இருக்குது' என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நனைய வேண்டாமே என்ற அக்கறையில் சொன்னார். ரூத்தக்கா நகரவில்லை. எழுந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்ப உட்கார்ந்தார்கள். சின்னப்பொண்ணு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் எதிர்க்கடை ஓரத்தில் அப்பாவின் குடைக்குள் ஒரு சொட்டு படாமல் நின்றேன். ரூத்தக்காவும் பூங்கொடியும் ஒரே உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடுங்கி நடுங்கிச் சிரிப்பது தெரிந்தது. அந்தச் சாக்குக்காக என் கட்டிலையும் மெத்தையையும் கொடுத்துவிடத் தயாராக இருந்தேன். அப்பா என் கையை விடவே இல்லை.

கடைசி நாளில் அதிகாரி வெளியே வந்தார். பட்டா தருவதாக எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அப்பாவே சந்தோஷத்தில் என் கையை விட்டுவிட்டார். இப்போதாவது உள்ளே போய்விடலாம் என்று சனத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் கீற்றுகளை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். பண்டிகையும் முடிந்தது, கேட்டதும் கிடைத்தது, குடிசைக்கு அங்கே இனி வேலை இல்லை. நான்கு கழிகளுக்கு நடுவில் நின்று வாய்விட்டு அழுதேன். ரூத்தக்கா என்னை வாரி அணைத்துக்கொண்டு, 'பாருங்க, இவளுக்கு எவ்ளோ நல்ல மனசு!' என்று எல்லாரிடமும் காட்டினார். சுற்றி நின்றவர்கள் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள்.

ரூத்தக்கா வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் பெரியவர்கள் காலமாகிவிட்டார்கள், சின்னவர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். அப்பாவுக்குப் பிறகு பாகப் பிரிவினையில் எங்கள் வீடு கைமாறியது. இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. நான் சென்னையில் வாடகை வீடு வாடகை வீடாக மாறிக்கொண்டிருக்கிறேன்.

போன புரட்டாசியில் பிள்ளைகளுக்கு அருவி காட்டக் கரியாலூர் போனபோது, வெள்ளிமலையில் விசாரித்துப் பூங்கொடியின் வீட்டைக் கண்டுபிடித்தேன். சின்ன ஓட்டு வீடு. அவள் பெயருக்கே பட்டா. சாமைச் சோறு போட்டாள். இந்த மாதம் வந்தால் குடிசை ஞாபகம் வருமா என்று கேட்டேன்.

'அத எவ நெனப்பா? ராவெல்லாம் கொசு. மேல பனி சொட்டும்' என்றாள். இன்னொரு கரண்டி சோறு போட்டுவிட்டு அவளே சொன்னாள்: 'உங்க முத்தத்துக் கம்பி வழியா கீழ பார்த்துக்கினே படுத்திருப்பேன். நீ கட்டில்ல கெடப்ப. உங்கம்மா வந்து போர்வைய இழுத்து வுட்டுட்டு, கதவத் தாப்பாப் போட்டுட்டுப் போவாங்க. அந்தத் தாப்பா சத்தம் கேக்கசொல்ல எனக்கு வயிறு எரியும் பாரு!'

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் வயிறெரிந்த கதவும் தாழ்ப்பாளும் இன்று அவளுக்கே சொந்தமாக இருக்கின்றன. நான் வயிறெரிந்த குடிசையைத் திரும்பப் போட ரூத்தக்காவும் இல்லை, அந்தச் சனங்களும் இல்லை, எங்கள் மாடியும் இல்லை. இருட்டுவதற்குள் மலை இறங்கவேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். வண்டி திரும்பும்போது பார்த்தேன். பூங்கொடி உள்ளே போய்த் தன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.