தனலெட்சுமி அழித்த எண்

"நானா, அக்கா போயிட்டாங்க." பண்டாரவளையிலிருந்து தனலெட்சுமியின் தங்கை தொலைபேசியில் சொன்னதும் அழுதேன். ஆனால் தனத்தைப் பற்றி அழுதுகொண்டு எழுத வராது. அவளோடு வேலை செய்தவர்களுக்கு அது தெரியும்.

எண்பதுகளில், கொழும்பில் ஒரு பெரிய கம்பியூட்டர் கம்பனியில் இருவரும் புரோகிராம் எழுதினோம். நான் பதுளை டவுன் முஸ்லிம் துணிக்கடைக்காரரின் மகன்; அதனால் அவளுக்கு நான் 'நானா', அண்ணன். அவளும் பதுளைப் பக்கம் என்று மட்டுமே ஆபிஸில் சொல்லியிருந்தாள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"லயத்துல பொறந்தவளுன்னு தெரிஞ்சா, நான் விடுற பிழை எல்லாம் லயத்துப் பிழையாயிரும், நானா" என்பாள்.

ஊவாவில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்காக, பெண்கள் பறிக்கும் கொழுந்தின் நிறுவையைப் பதியும் புரோகிராம் எழுதினோம். ஒருத்தி ஒரு நாளில் நாற்பது கிலோவுக்கு மேல் பறிக்க முடியாது, மிஞ்சினால் தள்ளிவிடு என்று எழுதியவன் நான். யாரையும் கேட்கவில்லை. என் மேதாவித்தனம்!

வெள்ளோட்ட நாளில், தோட்டத்து ஆபிஸில் தோட்ட நிர்வாகியான துரையும் எங்கள் மேலாளரும் பார்த்திருக்க, இயந்திரம் ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்தில் பதினேழு பெண்களின் நிறுவையைத் தள்ளிவிட்டது. "இதில் ஏதோ கள்ளம் இருக்கிறது" என்றார் மேலாளர்.

"நாங்க களவெடுக்கலீங்க!" வாசலில் நின்ற பெண்கள் பதறிப்போனார்கள். பிழை என்னுடையது என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கக்கேடு.

தனம் எழுந்தாள். "கள்ளமில்லீங்க சேர். ஞாயித்துக்கிழமை கைக்காசுக் கொழுந்து, கிலோக் கணக்குல காசு. புருஷன், மாமியான்னு வீடே எறங்கிப் பறிச்சு, ஒரே பேருல நிறுப்பாங்க. எங்கம்மா பேருல நானே பறிச்சிருக்கேன்."

"நீங்களா?"

"ஆமாங்க சேர். நான் லயத்துல பொறந்தவ."

பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்து அந்த நாற்பதை அழித்தாள். பிரிண்டர் கடகடவென்று ஓடியது. தாளைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு பெயராக அவள் கூவ, பெண்கள் கைதட்ட, அடேயப்பா! துரையே சிரித்துவிட்டார்.

"நீ யாரு மக, தாயி?" என்றாள் ஒருத்தி.

"பூனாகலை ராமாயி மக!"

அப்படி ஒரு குரலில் அவள் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. 

அதன் பிறகு, அந்த வேலையைச் செய்கிறவரைக் கேட்காமல் நான் ஒரு எல்லையும் எழுதியதில்லை. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது.

மரண அறிவித்தலைத் தங்கை வாசித்துக் காட்டினாள்: "பூனாகலைத் தோட்டத்து லயத்தைப் பிறப்பிடமாகவும், கொழும்பை வசிப்பிடமாகவும் கொண்ட…"

"லயம் என்று நீயா போட்டாய்?"

"இல்ல நானா. அக்காவே எழுதி வெச்சிருந்தாங்க."