ஐம்பது போத்தலை ஏழு ஸ்ட்ரிப்பில் வென்ற நதீரா

நதீரா போய்விட்டாள்... காலையில் அவளுடைய மகன் ஃபோனில் சொன்னான். நெஞ்சுவலியாம்.

ஓட்டமாவடி நதீரா. கிரான் பால் சேகரிப்பு நிலையத்தில் என்னோடு வேலை பார்த்தவள். பால் சோதிப்பது அவள், கணக்கு எழுதுவது நான்.

அவளைத் தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு பகலைச் சொல்கிறேன்.

அன்று எங்கள் பாலை லொறி ஏற்றவில்லை. மாட்டுக்குப் போட்ட மருந்து டாங்க் பாலில் கலந்திருக்கிறதாம். யாருடைய பால் என்று கண்டுபிடிக்கும் வரை கிரானுக்கு லொறி வராது என்று கொம்பனி ஒஃபிசர் ஃபோனில் சொல்லிவிட்டார்.

வாசலில் பால்காரர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஃப்ரிட்ஜில் ஆளுக்கொன்றாக ஐம்பது சாம்பிள் போத்தல். மருந்தைக் காட்டும் டெஸ்ட் ஸ்ட்ரிப் கையில் ஏழே ஏழு. புதுப் பெட்டி கொழும்பிலிருந்து வரவேண்டும்.

"ஏழை வச்சு என்னடி செய்யிற?" எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இரி வசந்தி." ஃபோனில் கல்குலேட்டரை எடுத்தாள். ஐம்பதின் log, அதை இரண்டின் log-ஆல் வகுத்தாள். ஐந்து தசம் ஆறு நான்கு.

"பள்ளிக்கூடத்தில படிச்ச மடக்கைதான், அடி ரெண்டு. ஐம்பதைப் பாதி பாதியா வெட்டி ஒண்டுக்கு வர எத்தினை தரம் வேணும் எண்டு சொல்லும். ஸ்ட்ரிப்பைத் துண்டாக்கிப் போட ஏலாதே... ஆறு போதும்."

இருபத்தைந்து போத்தலிலிருந்து ஒவ்வொரு துளி எடுத்துக் கலந்தாள். என் ஃபோனில் ஸ்பீக்கரில் இருந்த ஒஃபிசர் குறுக்கிட்டார். "கலந்தா மருந்து ஐதாகிக் குறைஞ்சு தெரியாமப் போகுமே மிஸ்?"

"ஐம்பது பேரிர பாலும் கலந்த டாங்கிலயே காட்டினது சேர். இருபத்தஞ்சில காட்டாதா?"

"சரி, செய்து பாருங்க மிஸ்" என்றார்.

முதல் ஸ்ட்ரிப்... கோடு பளிச்சென்று இருந்தது, சுத்தம். அப்படியென்றால் மருந்து மற்ற இருபத்தைந்தில். அதில் பதின்மூன்றைக் கலந்தாள், கோடு மங்கியது; மருந்து இதில்தான். பிறகு ஏழு. பிறகு நான்கு. பிறகு இரண்டு... ஆறாவது ஸ்ட்ரிப்பில் ஒரே ஒரு போத்தல்!

நான் துள்ளிவிட்டேன். அவள் துள்ளவில்லை.

"இன்னொரு ஆளிர பாலிலயும் கிடந்தா?" மிச்சம் நாற்பத்தொன்பதையும் கலந்து கடைசி ஸ்ட்ரிப்பை வைத்தாள். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

கோடு பளிச்சென்று நின்றது. அன்று எழுந்த கூச்சல் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்தப் போத்தல், மாட்டின் மடிவீக்கத்துக்கு ஊசி போட்டிருந்த ஓர் அக்காவுடையது. அவர் வாசல் பக்கம் நழுவப் பார்த்தார். நதீரா அவர் கையைப் பிடித்து, "மாடு சுகமாகட்டும் கா, பிறகு கொண்டு வாங்க" என்றாள். வேறு ஒரு வார்த்தை யாரையும் சொல்லவிடவில்லை.

அடுத்த நாள் லொறி வந்தது. நதீராவைப் பார்த்ததும் டிரைவர் ஹோர்ன் அடித்தார்.

பிறகு பால் தருவோர் நூறு பேரானபோது, ஸ்ட்ரிப்பும் இரண்டு மடங்கு வாங்கவேண்டும் என்று நான் கணக்குப் போட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆள் ரெண்டு மடங்காகினா ஒரு வெட்டுத்தான் புள்ள கூடும். ஒரு ஸ்ட்ரிப் கூட எடு!"

அதுவே சரியாக இருந்தது.

பின்னேரம் ஜனாஸா நல்லடக்கம். கிரானிலிருந்து பால்காரர்கள் லேண்ட்மாஸ்டர் டிராக்டர்களில் கிளம்பிவிட்டார்கள். நான் இப்போது இருக்கும் நாவற்குடாவிலிருந்து பஸ்ஸில்...

கொஞ்சம் இரி நதீரா. முகத்தைப் பார்க்க வாறன்.