ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

இன்று ஒன்பது பேருக்குப் பிறந்தநாள் என்று காலையில் ஃபேஸ்புக் காட்டியது. ஒன்பது பேரும் என்னிடம் படித்தவர்கள். வரிசைப்படி வாழ்த்து அனுப்பினேன்.

அறுபதுகளில், வடமதுரைப் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் சேர்க்கைப் பதிவேட்டை நான்தான் எழுதினேன். தலைக்கு மேலே கையை வளைத்து மறுகாதைத் தொட்டால் ஐந்து வயது. பிறந்த தேதி எல்லோருக்கும் ஜூன் ஒன்று.

மதியம் திண்டுக்கல் பஸ்ஸில், அந்த ஒன்பது பேரில் ஒருவரான முருகேசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க வச்ச பொறந்தநாளுக்கு நீங்களே வாழ்த்துறீங்க சார்."

சிரித்தேன்.

"நம்மூரு சடுகுடுல மொதக் கப்பு வாங்குன அன்னிக்கு நான் பொறந்தேனாம். எங்காத்தா உங்ககிட்டயும் சொன்னுச்சாம்ல?"

சேர்க்கை அன்று அவர் அம்மா சொன்னார். தேதி அவருக்குத் தெரியவில்லை. கோப்பை என் முதுகுக்குப் பின்னால் பள்ளி அலமாரியில்தான் இருந்தது. அதன் அடியில் தேதி வெட்டியிருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் வழக்கமானதை எழுதினேன்.

"அந்தக் கப்பு இப்ப எங்க சார்? பேரப்புள்ளைக கேக்குதுக."

"கட்டடத்தை இடிச்சப்பவே காணாமப் போச்சுப்பா."

"சரி விடுங்க. இம்புட்டு நாளு இதுலயே ஓடிருச்சு."

இறங்கும்போது ஒரு சாக்லேட் கொடுத்தார். "பொறந்தநாளுல்ல, எடுத்துக்கங்க சார்."

வீட்டுக்கு வந்தும் அது சட்டைப் பையில்தான் இருக்கிறது.

கோப்பை வாங்கிய தேதி நினைவிருப்பவர்கள் சொல்லுங்கள். மற்ற எட்டுப் பேரும் உங்கள் சரியான நாள் தெரிந்தால் எழுதுங்கள். சேர்க்கை அன்றே கேட்டிருக்க வேண்டியது.