பாய் மட்டத்தில் ஒரு ஜன்னல்

நசரத்பேட்டைக்கு உள்ளே, ஏரிக்கரையில் இருக்கும் இருளர் குடியிருப்புக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரி கட்டப்போகிறார்கள் என்று வரைபட வேலை என் மேஜைக்கு வந்தபோது ஊர்ப்பெயரை யாரும் பார்க்குமுன் தாளைச் சுருட்டிவைத்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூரில் ஒரு கட்டட அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். நான் இருளன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அப்பா அம்மா இல்லை என்று சேர்ந்த அன்றே சொல்லிவைத்திருந்தேன். அப்பா இல்லாதது நிஜம். அம்மா இருந்தாள், அதே ஏரிக்கரையில், காசநோயோடு. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தால் இரண்டாம் நாளே ஓடிவந்துவிடுவாள். மாதக்கணக்கில் ஊசி போடவேண்டும், இல்லையென்றால் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முகப்பேரில் என் வாடகை வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். உட்கார்ந்து வரைந்து தள்ளினேன். எங்கள் குடிசைக்குள் குனிந்துதான் நுழையவேண்டும். என் ஜனம் இனி எங்கேயும் குனியக்கூடாது என்று எட்டடி வாசல் வைத்தேன். கான்கிரீட் கூரை, மொசைக் தரை, இரும்புக் கட்டில், இடுப்பளவு உயரத்தில் ஜன்னல். முதலாளி பிரமாதம் என்றார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

கட்டி முடித்தோம். ஒரு ஈ காக்கா உள்ளே வரவில்லை. காய்ச்சல்காரர்கள் எதிரே பனைமரத்தடியில் உட்கார்ந்து மாத்திரை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே வந்து படு என்றால் எழுந்து போனார்கள். அம்மாவை நானே இழுத்துப்போய்ப் படுக்கவைத்தேன். சாயங்காலம் பார்த்தால் கட்டில் காலி. குடிசைக்குப் போய்க் கத்தினேன்.

"ஊசி போட்டாத்தான் பொழைப்ப. அங்க இன்னா கொறச்சல் ஒனக்கு?"

"அடப் போடா, பெரிய எஞ்சினீரு! படுத்துகினு பாத்தா வானம்தான் தெரியுது. செத்தவதான் அப்படிப் படுப்பா. நம்ம சனம் என் கண்ணுக்குத் தெரிய வேணாமா? அடுப்பு பொகையறது தெரிய வேணாமா?"

சுருக்கென்றது. எங்கள் வீட்டில் நோயாளி வாசலை ஒட்டிப் பாயில்தான் கிடப்பார். வெளியே சமையல் நடக்கும், சண்டை நடக்கும், எல்லாம் கண்முன்னால். அந்தப் பாயில் எத்தனை முறை கிடந்திருக்கிறேன், அது எப்படி எனக்கு மறந்தது? ஜன்னலை நான் நிற்கிறவனுக்கு வைத்திருந்தேன்.

காற்றோட்டம் போதவில்லை என்று முதலாளியிடம் அளந்துவிட்டேன். காசநோய்க்குக் காற்று முக்கியம் என்று அங்கே ஊசி போட வந்திருந்த நர்ஸம்மாவும் ஒத்து ஊதினார். சுவரைத் தரைவரை இடித்து, பாய் மட்டத்திலிருந்தே ஜன்னல் வைத்தோம். கட்டில்கள் போயின. வெளியே தாழ்வாரம் இறக்கி, கூட வருகிறவர்கள் சமைக்க அடுப்பு போட்டோம். தாழ்வாரத்துக்கு முதலாளி தகரம் என்றார். நான் பனையோலை என்று பிடிவாதம் பிடித்தேன். ஓலை மக்கினால் மாற்றிக்கொள்ள இவர்களுக்கே தெரியும், யார் கையையும் எதிர்பார்க்கவேண்டாம்.

அந்த ஓலையை வேய்ந்தவர்களும் குடியிருப்புக்காரர்கள்தான். நான் தனியாக இருந்தால் "இன்னாடா, ஊட்டுக்கு வந்து துன்னுட்டுப் போ" என்பார்கள். அலுவலக ஜீப் வந்து நின்றால் அதே ஆட்கள் சார் என்பார்கள். என்னோடு ஏரியில் நண்டு பிடித்தவன்கூட "அளவு இன்னா சார்?" என்று கேட்டான். இப்படிச் செய்யுங்கள் என்று நான் ஒருவரிடமும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அம்மா வந்து படுத்தாள். ஓடவில்லை. ஊசி தவறாமல் ஏறியது, இருமல் குறைந்தது.

ஒரு நாள் முதலாளி பார்க்க வந்தார். தாழ்வாரத்தில் என்னோடு நடந்தவர், அம்மாவின் ஜன்னலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"வசதியா இருக்காம்மா?"

"நல்லாக்கீது சார்."

"பிள்ளைங்க இல்லையா?"

அளவு டேப்போடு நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒருத்தன் கீறான் சார். தூரமா கீறான்."

"வந்து பார்ப்பானா?"

"வருவான் சார். பாவம், அவனுக்கு வேல ஜாஸ்தி."

'நான்தான் சார்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? டேப்பைச் சுற்றிக்கொண்டே நின்றேன், கோழை. முதலாளி எழுந்து என் தோளில் தட்டினார். "நல்ல ஜன்னல்யா," என்றார்.

அளவு சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிப் பின்தங்கினேன். எல்லோரும் போனபிறகு உள்ளே போய் அம்மாவின் பாய் ஓரத்தில் உட்கார்ந்தேன். வெளியே யாரோ அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஜன்னல் வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜீப்பு பூடுச்சா?" என்று கேட்டாள்.

போய்விட்டது என்றேன். அதற்குப் பிறகுதான் என் கையைத் தொட்டாள்.