ஓட்டை தெரியக் கட்டிய கீரை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டாபிராமில் புதிதாக எழும்பியிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டருகே நாங்கள் மூன்று பேர் கீரை வண்டியோடு இருந்தோம்: அம்மா, நைனா என்று நான் கூப்பிடும் அப்பா, நான். வந்திருக்க வேண்டிய மாமா வரவில்லை. அம்மாவின் தம்பியான அவர்தான் எங்கள் கீரைப் பாத்திகளுக்கு வழக்கமாக மருந்து அடிப்பவர். "பூச்சிக்கு விருந்து வெச்சிட்டு மிச்சத்த மன்சனுக்கு விக்கப் போறீங்களா? அந்தக் கூத்தப் பாக்க நான் வர்ல" என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்.

பாத்திகள் கோவில்பதாகையில் இருக்கின்றன. குத்தகை நிலம். மூன்று பக்கமும் வீடுகள், நாலாவது பக்கம் கிணறு. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை என்று விதைத்து ஒரு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடுகிற பயிர்கள்தான். நைனா தண்ணீர் பாய்ச்சுவார். அம்மா பறித்து, கட்டி, தள்ளுவண்டியில் தெருத்தெருவாக விற்பாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேதியியல் படித்துவிட்டு அம்பத்தூரில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன்.

அம்மாவின் உள்ளங்கைகள் வெடித்துப்போயிருந்தன. மருந்து அடித்த பாத்தியில் பறிக்கும் நாட்களில் மணிக்கட்டு வரை சிவந்து எரியும். ரசம் சோற்றைக் கையால் பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிடுவாள். அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இலையில் இருக்கிற மருந்துதான் காரணம், கொஞ்ச நாள் அதைத் தொடாதீர்கள் என்றார்.

வெளியே வந்ததும் அம்மா சிரித்தாள். "கீரக்காரியப் பாத்து கீரயத் தொடாதன்றாங்களே, நான் இன்னா காலாலயா பறிக்கிறது?"

வீட்டுக்கு வந்து மருந்து பாட்டிலைத் துடைத்துப் படித்தேன். எறும்பு அளவு எழுத்தில், கத்தரிக்கும் பருத்திக்கும் என்று போட்டிருந்தது. கையுறை மாட்டச் சொல்லியிருந்தது. அடித்த பிறகு பல நாள் விட்டுத்தான் பறிக்க வேண்டும் என்றும் இருந்தது. நாங்கள் அடித்த மறுநாளே பறித்துக்கொண்டிருந்தோம், இலை பளபளவென்று இருக்கும் என்பதற்காக. சத்தமாகப் படித்துக் காட்டி, இனி மருந்தே வேண்டாம் என்றேன். நைனா பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"ஒரே ஒரு பறிப்பு. உன் இஷ்டத்துக்கு விடுறேன். வித்துச்சுன்னா சரி. விக்கலன்னா மருந்து டேங்க உன் மாமன் முதுகுல மாட்டிடுவேன், குத்தக கட்டணும்டா."

அதாவது, அந்தக் கீரை விற்றால்தான் அம்மாவின் கைக்கு விடுதலை.

வேளாண்மை அலுவலகத்துப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தேன். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளித்தோம். பூச்சியைத் திசைதிருப்ப, பாத்தியைச் சுற்றிச் செண்டுமல்லி நட்டோம். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்துக் கரைத்து அதையும் தெளித்தோம். அரைத்தது நான், அம்மாவை அம்மிப் பக்கமே விடவில்லை. வேலி ஓரமாக நின்று மாமா இதையெல்லாம் பார்த்தார்.

"யக்கா, உன் புள்ள செடிக்குச் சட்னி ஊட்டுறான். அப்படியே ரெண்டு இட்லியும் வெக்கச் சொல்லு."

பூச்சி குறைந்தது, போய்விடவில்லை. இலைகளில் ஓட்டைகள் இருந்தன. அதையே அடையாளமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் குடியிருப்பின் செயலாளரைப் பிடித்து, அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடச் சொன்னேன்: 'மருந்தடிக்காத கீரை, ஞாயிறு காலை. இலையில் ஓட்டை இருக்கும். பார்த்து வாங்கவும்.'

ஞாயிறு காலை நல்ல கூட்டம். துணிப்பையும் கையுமாக வந்திருந்தார்கள். முன்னால் நின்ற கண்ணாடி போட்ட அம்மாள் ஒரு கட்டை எடுத்து, திருப்பி, தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்பா, ஓட்டை எங்க?"

நானும் பார்த்தேன். ஒரு ஓட்டைகூட இல்லை. வண்டி முழுக்க, குளித்துப் பவுடர் போட்டதுபோல் பச்சைப்பசேலென்று கட்டுகள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடியலில் கட்டியவள் அம்மா. கீரைக்காரர்கள் கட்டுகிற முறை ஒன்று உண்டு: நல்ல இலை வெளியே, பூச்சி அரித்தது கட்டின் வயிற்றுக்குள்ளே. அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான் கட்டுகிறாள். ஓட்டை தெரிய வேண்டும் என்று நான் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தேன், அவளிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் விரல் கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

"ஒரு பூச்சிகூட வாய் வெக்கலயே. மருந்து அடிச்சுட்டு மருந்தில்லன்னு விக்கறீங்களா?" என்றார் அந்த அம்மாள். பின்னால் இரண்டு பேர் பையைச் சுருட்டினார்கள். நைனா என்னைப் பார்த்த பார்வையில் மருந்து டேங்க் தெரிந்தது.

அம்மா தலை குனிந்து நின்றாள். விற்கிற இடத்தில், வாங்குகிறவர்கள் கண்ணெதிரே சொந்தக் கட்டைப் பிரித்துக் காட்டுவது எந்தக் கீரைக்காரியும் செய்யாத காரியம். அது தன் சமையலைத் தானே குறை சொல்வது மாதிரி. அவள் சட்டென்று அந்த அம்மாள் கையிலிருந்த கட்டை வாங்கி, வாழைநாரை உருவி, வண்டிப் பலகைமேல் உதறினாள்.

வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் வெளியே கொட்டியது. சல்லடை சல்லடையாக இலைகள். நடுவில் ஒரு பச்சைப் புழு, தூக்கம் கலைந்த கோபத்தில் தலையைத் தூக்கியது.

"பாத்துக்கமா. இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும்? உசுரோட கீது" என்றாள் அம்மா.

கண்ணாடிக்கார அம்மாள் வீலென்று கத்தி ஓரடி பின்னால் போனார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். "புழுவ நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு நாலு கட்டு."

பிறகு நடந்தது எந்தக் கீரைச் சந்தையிலும் நடந்திருக்காது. "எனக்கு ஓட்டை ஜாஸ்தியா குடுங்க", "அவங்களுக்கு மட்டும் பெரிய ஓட்டையா?" என்று பேரம் நடந்தது. அம்மா ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே வைத்துத் திருப்பிக் கட்டிக்கொண்டே இருந்தாள். "இத்தினி நாளு மறச்சத மூஞ்சில வெச்சுக் கட்டிகினு கீறேன், பாருய்யா" என்று நைனாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வண்டி காலியாகிற நேரத்தில் மாமா போன் செய்தார்.

"இன்னா மாப்ளே, பூச்சி துன்ன மிச்சம் எவ்ளோ கீது?"

நைனா போனைப் பிடுங்கினார். "உனக்கு மசியல் வெக்கக்கூட ஒரு கட்டு இல்லடா. போய் இட்லி துன்னு."

அடுத்த விதைப்புக்கும் வேப்பெண்ணெய்தான். அதற்கடுத்ததற்கும். ஒரு மத்தியானம் அம்மா ஸ்பூனைத் தேடாமல் ரசம் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிசைவதை நாங்கள் இருவரும் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு, "இன்னா, சோறு துன்றத பாத்ததில்லையா?" என்று அதட்டினாள்.

அந்த வாரமே பூந்தமல்லிக்குப் போக வேண்டும் என்றாள், மணிக்கட்டு எரிச்சலில் கழற்றிய வளையலை மறுபடி போட. கடையில் இருந்த பாய் வீட்டம்மா கையைப் பிடித்து, அழுத்தி, நசுக்கி, ஒவ்வொன்றாக ஏற்றினார்.

"இன்னாக்கா, கை பஞ்சாட்டம் கீது. ஊட்ல ஒரு வேலையும் செய்றதில்லயா?"

"எங்க செய்ய வுடுறாங்க?" என்றாள் அம்மா. கடையே அதிரும்படி நைனா சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. பஸ் குலுங்கும்போதெல்லாம் வளையல் பேசியது. எழுதப் படிக்கத் தெரியாத நைனா மனக்கணக்கில் புலி. அம்மாவின் கைக்கு ஆன செலவை விரல் மடக்காமல் கூட்டிச் சொன்னார்: வேப்பெண்ணெய், சோப்பு, இஞ்சி பூண்டு மிளகாய், செண்டுமல்லி நாற்று, கண்ணாடி வளையல் இரண்டு டஜன், எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்று அறுபது ரூபாய்.