மெயினை இறக்கச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத் தொலைபேசியை நான்தான் எடுத்தேன். காந்திபுரத்தில் அந்தோணிராஜின் கடைக்கு அடுத்த பேக்கரிக்காரர் பேசினார்.

"ஏனுங்க, அந்தோணி போயிட்டாருங்க."

"எந்த ஊருக்கு?" என்று கேட்டேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார். பிறகுதான் எனக்குப் புரிந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று கடையிலேயே உட்கார்ந்தாராம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. வயது ஐம்பத்திரண்டு.

எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில். எங்கள் பத்திரிகையின் ஞாயிறு பக்கத்தில் வீட்டு மின்சாரச் செலவைக் குறைப்பது பற்றிய வாசகர் கேள்விகளுக்கு நான்கு ஆண்டுகள் பதில் சொன்னார். அவர் கடையில் வேலை செய்துகொண்டே சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். உங்களில் பலருக்கு அவரை அப்படித்தான் தெரியும்.

ஒருமுறை என் வீட்டுக்கு வந்தவர் நடுப்பகலில் மூன்று ஜீரோ வாட் பல்புகள் எரிவதைப் பார்த்தார். "ஏனுங்கக்கா, பகல்ல எதுக்குங்க இது?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

"அது ஜீரோ வாட்டுங்க தம்பி. கரண்டே இழுக்காது."

"ஜீரோன்னு பேரு வெச்சா அது பட்டினி கெடக்குமாங்க? உங்க ஊட்டுக்காரரு பேருகூட சாந்தமூர்த்திதான்."

மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மனைவியை மீட்டர் முன்னால் நிற்க வைத்தார். மீட்டரின் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அணைந்த பல்புகள் பிறகு பகலில் எரிந்ததில்லை. என் பெயரைச் சொல்லி மனைவி சிரிப்பது மட்டும் நிற்கவில்லை.

இனி எழுதப்போவது அவர் குடும்பத்துக்கும் தெரியாது.

பகலில் வீடு பூட்டியிருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். "ஃபிரிட்ஜ் இல்லாத ஊடுன்னா மெயினை இறக்கிப்போட்டுப் போங்க" என்று அந்தோணி சொன்னார். அப்படியேதான் எழுதினேன். பக்கம் கட்டும்போது இடம் போதவில்லை. முதல் மூன்று சொற்களை வெட்டினேன். மீதியைத் தலைப்பாக்கினேன்: 'மெயினை இறக்கிவிட்டுப் போங்கள்'.

இரண்டு மாதம் கழித்து வெள்ளகோவிலிலிருந்து பாப்பாத்தி என்பவர் நன்றி சொல்லி ஓர் அஞ்சலட்டை எழுதியிருந்தார். அவரும் கணவர் கருப்புசாமியும் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். தினமும் மெயினை இறக்கிவிட்டுப் போவதால் பில் நன்றாகக் குறைந்திருக்கிறதாம். கணவரின் சர்க்கரை ஊசி மருந்துக்காக வாங்கிய பழைய ஃபிரிட்ஜ்தான் அதுவரை அதிகம் இழுத்ததாம்.

அந்தோணி மகிழட்டும் என்று அட்டையை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். படித்தவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். "சார், வெயிலு காலமுங்க இது. மருந்து என்னத்துக்காகுமுங்க?" என்றார். கடையை அப்படியே பூட்டிவிட்டு, வெள்ளகோவில் வழியாகப் போகும் கரூர் பஸ்ஸில் ஏறினோம்.

பாப்பாத்தி வீட்டில்தான் இருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார். கருப்புசாமியின் காலில் வந்த புண் ஆறவில்லை, சர்க்கரை இறங்கவில்லை, மறுநாள் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்போகிறார்கள் என்றார். மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் என் தலைப்பு சோற்றுப்பசையால் ஒட்டப்பட்டிருந்தது.

அந்தோணி அதை நின்று முழுவதும் படித்தார். தான் முதலில் சொன்ன மூன்று சொற்கள் அதில் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"அம்மணி, தப்பு என்னுதுங்க. நான் முழுசாச் சொல்லாம உட்டுப்போட்டேன்" என்றார்.

"நீங்க நல்லதுக்குத்தானுங்க சொன்னீங்க" என்றார் பாப்பாத்தி. "இருங்க, காப்பி வெக்கறேன்."

நான் வாய் திறக்கவில்லை. மருந்து கெட்டதுதான் காரணமா என்று பிறகு மருத்துவரிடம் கேட்டேன். அவர் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்தோணி மாதம் ஒருமுறை வெள்ளகோவில் போய்வந்தார். மின்வெட்டு நேரத்தில் மருந்து கெடாமல் வைக்க, ஈர மணல் நிரப்பிய மண்பானை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு முதல் தடவை பஸ்ஸில் போனார். பதில்களும் மாறின. "யாரு செய்யக் கூடாதுன்னு மொதல்ல எழுதோணுமுங்க சார்" என்பார். நான் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அந்தத் தலைப்பைப் பற்றி மூன்று ஆண்டுகளில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டே நாட்களைக் கடத்தினேன்.

புதன்கிழமை கல்லறைத் தோட்டத்துக்குப் பாப்பாத்தியும் வந்திருந்தார். கட்டைகளை ஊன்றிக்கொண்டு கருப்புசாமியும் வந்திருந்தார். மண் போட்டு எல்லோரும் நகர்ந்த பிறகு அவர்களிடம் போனேன். "அவரு சரியாத்தானுங்க சொன்னாரு. வெட்டினது நானுங்க" என்றேன்.

கருப்புசாமி கட்டையை இடம் மாற்றி ஊன்றினார். பாப்பாத்தி என் பக்கம் திரும்பினார்.

"அவரு இருக்கறப்பச் சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். குரலில் கோபம் இல்லை. கணவரின் முதுகில் கை வைத்தபடி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

அந்தோணிராஜை அறிந்த உங்களிடம் அவர் சொன்ன யோசனைகள் இருக்கும். என்னிடம் இருப்பது, தன்னுடையது என்று அவர் இத்தனை காலம் வைத்திருந்த என் பிழை.