பத்திரிகையில் இல்லாத பி.எஸ்ஸி.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை என்றால் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே படிப்பைப் போட்டே ஆகவேண்டும். எட்டாவது தேறியவனுக்கும் ஏதாவது போட்டுவிடுவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்த என் கல்யாணத்துக்கு, 'பி.எஸ்ஸி., இயற்பியல்' என்ற வரியை எடுத்துவிடும்படி அச்சகத்தில் நானே சொல்லிவிட்டு வந்தேன்.

வீம்பு ஒன்றும் இல்லை, வெட்கம்தான். மூன்று வருஷம் வேலைக்கு எழுதிப்போட்டுச் சலித்து, அருப்புக்கோட்டையில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் சேர்ந்திருந்தேன். ஒரு கை வத்தலை அள்ளிக் குலுக்கினால், விதை சலசலக்கும் சத்தத்திலேயே காய்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அந்த வேலை எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் இதுக்கா காலேஜுக்குப் போனாய் என்றே கேட்டார்கள். அதிலும் திருச்சுழியில் இருந்த வாத்தியார் மாமா, எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், இன்னொருத்தனுக்குக் கிடைக்கவேண்டிய காலேஜ் இடத்தைக் கெடுத்தவன் என்று விசேஷ வீடுதோறும் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடுத்தவர் காட்டில் வேலை பார்த்து என்னைப் படிக்கவைத்தவர். ஒரு வாரமாக மஞ்சள் பையில் பத்திரிகையோடு ஊர் ஊராகப் போய் அழைத்துவந்தார். வாத்தியார் வீட்டுக்கு மட்டும் மாப்பிள்ளையும் வந்தால்தான் மரியாதை என்று என்னையும் இழுத்துப்போனார்.

தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்துக் கொடுத்தார். மேலே பெரிய எழுத்தில் இருப்பது என் பெயர் என்று அவருக்குத் தெரியும். அதற்குக் கீழே விரலை வைத்தார்.

"இந்தா, இதான் மச்சான் எம்புள்ள படிச்ச படிப்பு. நீங்க ஒருக்கா வாசிங்க, கேட்டுக்கிறேன்."

விரல் இருந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெயர்தான் இருந்தது. இந்த ஒரு வாரத்தில் எத்தனை வீட்டில் இப்படி விரலை வைத்தாரோ? வாசிக்கத் தெரிந்த ஒருத்தர்கூட அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மாமா கண்ணாடியைப் போட்டுப் பத்திரிகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இன்றைக்கு வெளுத்து வாங்கப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ வகுப்பில் வாசிப்பதுபோல நிறுத்தி நிதானமாக, "பி.எஸ்ஸி., இயற்பியல்" என்று வாசித்துவிட்டு, பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த மனுஷரை நினைத்தால் இன்றைக்கும் என் மனசு இளகிவிடும்.

பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தபோது என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பத்திரிகையில் படிப்பே இல்லை, வெட்கப்பட்டு நான்தான் எடுக்கச் சொன்னேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"எனக்கு ஒரு நாளும் வெக்கமா இல்லையேப்பா" என்றார் அவர்.

பையைத் திறந்து மீதிப் பத்திரிகைகளை என் மடியில் வைத்தார். மைப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றிலும் என் பெயருக்குக் கீழே எழுதினேன். எழுதியதை அவர் ஒவ்வொன்றாக வாங்கி, மை காயும்வரை வாயால் ஊதி ஊதிப் பைக்குள் வைத்தார்.